ஐந்தொகையில் ஏறாத செல்வம்

வணிகர் ஒருவரின் சொத்து யாது என்று வினவினால், கடை, கடையிலுள்ள சரக்கு, பெட்டியிலுள்ள பணம் என்று விரல்விட்டு எண்ணுவதே உலகியல்பு. கண்ணால் கண்டு கையால் தொடக்கூடியவை மட்டுமே சொத்து, எஞ்சியவை வெறும் பேச்சு என்னும் கருத்து தமிழ் வணிகரிடையே ஆழ வேரூன்றி நிற்கிறது. பங்காளிகள் பிரியும்போது பாத்திரங்களுக்கும் பலகைகளுக்கும் பட்டியல் எழுதுவர். மாவரைக்கும் இயந்திரத்தின் தேய்மானத்தைக்கூட வாதிட்டுக் கழிப்பர். நாற்பதாண்டுக் காலம் அக்கடை ஈட்டிய நற்பெயருக்கு ஒரு வரியும் எழுதார். இதனை எளிமை என்றும் பற்றின்மை என்றும் போற்றுவார் உளர். போற்றத்தக்கது இதில் ஒன்றுமில்லை. ஒரு தலைமுறையின் உழைப்பை அடுத்த தலைமுறை குப்பையில் கொட்டுவதற்கு இசைவு தரும் கொள்கை இது.

கையால் தொட இயலாத சொத்தைப் புலனாகாச் சொத்து என்று வணிகவியல் நூல்கள் கூறும். நற்பெயர், வணிகக்குறி, செய்முறை, வாடிக்கையாளரின் நம்பிக்கை, பணியாளரின் கைத்திறன் முதலியன அதன்பாற்படும். இவற்றின் மதிப்பை ஏட்டில் படிப்பதினும் சிங்கப்பூரின் காத்தோங் வட்டாரத்தில் ஒரு முற்பகல் நடந்து காண்பது நன்று. ஒரு காலத்தில் தென்னந்தோப்பும் கடற்கரை வீடுகளுமாக விளங்கிய இடம் அது. 1966-ல் தொடங்கிய நிலமீட்புப் பணி கடலைத் தெற்கே தள்ளிவிட்டது. ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் இன்று கரையுமில்லை, அலையுமில்லை. பெயர் மட்டும் நிற்கிறது. அருகிலுள்ள சிலோன் ரோட்டில் ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம், பிள்ளையாரை முதலில் அமர்த்திய செண்பக மரத்தின் பெயரைத் தாங்கி நிற்பதும் தமிழர் அறிந்ததே. பெயர் பொருளினும் நெடிது வாழும் என்று நினைக்கத் தூண்டும் வட்டாரம் இது. ஆனால் வணிகத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை என்பதற்குச் சான்றும் இதே சாலையில்தான் உள்ளது.

ஈஸ்ட் கோஸ்ட் சாலை 75-ஆம் எண்ணில் செந்நிறக் கட்டடம் ஒன்றுண்டு. 1925-ல் தொடங்கிய காத்தோங் ரொட்டிக்கடை அங்கே நடந்தது. கடைக்கு உரிய பெயரை மறந்து 'சிவப்பு வீடு' என்றே ஊரார் அழைத்தனர். காலையில் ரொட்டியும் காப்பியும், திருமணத்திற்குக் கேக்கும் அங்கிருந்து சென்ற இல்லங்கள் பல. கட்டடம் பழுதுற்று, 2003-ல் கடை மூடப்பட்டது. வக்ஃப் சொத்தான அக்கட்டடத்தைப் பின்னர் செப்பனிட்டனர். சுவரின் செந்நிறத்தை மீட்டனர். 2016-ல் மீண்டும் அங்கே ஓர் அடுப்பு எரிந்தது. எரிந்த அடுப்பு வேறொரு நிறுவனத்தினுடையது. பெயர் வேறு, கை வேறு, ரொட்டியும் வேறு. புதியவரைக் குறைகூற இதில் ஏதுமில்லை. ஆயினும் மரபைக் காத்துவிட்டோம் என்று மகிழ்ந்தவர்கள் எதனைக் காத்தார்கள் என்று கேட்பது முறை. செங்கல்லையும் சுண்ணாம்பையும் காத்தார்கள். கட்டடத்திற்கு எழுபத்தெட்டு ஆண்டுகளாகப் பொருள் தந்துகொண்டிருந்த தொழிலைக் காக்கவில்லை. தொடக்கூடியது பிழைத்தது, தொடவியலாதது போயிற்று. இடிந்த சுவரை மீண்டும் எழுப்ப வரைபடமும் ஒளிப்படமும் உதவும். மாவு எவ்வளவு நேரம் புளிக்க வேண்டும், மழைநாளில் அதனை எப்படி மாற்ற வேண்டும் என்று அறிந்த கைக்கு ஒளிப்படம் ஏது?

அதே சாலையில் கிழக்கே சற்றுத் தொலைவு சென்றால் 204-ஆம் எண்ணில் சின் மீ சின் என்னும் மற்றொரு கடை. அதுவும் 1925-ல் தோன்றியதே. கரியடுப்பில் வாட்டிய பன்னும், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டிய காயாவும் அதன் புகழுக்குக் காரணம். 2018-இன் இறுதியில் அதன் கதவும் அடைபட்டது. ஆனால் 2021 செப்டம்பரில் அக்கதவு திறந்தது. உரிமையாளர் குடும்பத்தாருடன் கூட்டுச் சேர்ந்த புதிய நிருவாகத்தினர் பழைய பெயரையும், சலவைக்கல் மேசைகளையும், தரையோடுகளையும், காயாவின் செய்முறையையும் ஏற்றுத் தொடர்ந்தனர். அவர்கள் நாடி வந்தது மேசை நாற்காலியையா? அவை போன்றவற்றை எங்கும் வாங்கலாம். மூன்றாண்டு மூடிக்கிடந்தும் மக்கள் நெஞ்சில் அணையாதிருந்த பெயரையும், அப்பெயரை மெய்ப்பிக்கும் செய்முறையையுமே நாடி வந்தனர். ஒரே ஆண்டில் பிறந்து, ஒரே சாலையில் வளர்ந்த இரு கடைகளில் ஒன்று பெயரோடு மீண்டது, மற்றொன்று கட்டடமாக மட்டும் மீண்டது. புலனாகாச் சொத்து என்று ஒன்றில்லை என்பார் இவ்விரண்டிற்குமுள்ள வேறுபாட்டை எச்சொல்லால் குறிப்பர்?

இவ்வேறுபாட்டைச் சட்டமும் கண்டிருக்கிறது. அதனைத் தெளிவுபடுத்திய வழக்கு சிங்கப்பூரிலிருந்தே எழுந்தது என்பதைத் தமிழ் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். ஹாங்காங் நிறுவனம் ஒன்று 'ஏஸ்' என்னும் முத்திரையிட்ட பல் துலக்கிகளைச் சிங்கப்பூரில் விற்று வந்தது. 1965-ல் இறக்குமதித் தீர்வை விதிக்கப்பட்டதும் அவ்விற்பனையை நிறுத்திக்கொண்டது. சில ஆண்டுகள் சென்றபின், தன் முத்திரையை ஒத்ததை வேறொருவர் பயன்படுத்துகிறார் என்று வழக்குத் தொடுத்தது. வழக்கு, அந்நாளில் சிங்கப்பூரின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாயிருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1976-ல் டிப்ளாக் பிரபு வழங்கிய தீர்ப்பு வழக்குத் தொடுத்தவருக்கு எதிராக அமைந்தது. நற்பெயர் ஒரு சொத்தே. எனினும் அது தொழிலை விட்டுத் தனித்து வாழாது. தொழில் கைவிடப்பட்டால் நற்பெயரும் உடன் மாயும் என்பது அத்தீர்ப்பின் சாரம். மீண்டும் தொடங்கும் எண்ணம் இருப்பின் சற்றுக் காலம் அது உயிர்தரித்திருக்கலாம் என்று நீதிமன்றங்கள் ஒப்புவதுண்டு. எண்ணமும் இல்லையேல் ஒன்றுமில்லை.

இத்தீர்ப்பை இருவகையினர் ஊன்றிப் படித்தல் வேண்டும். பெயருக்கு மதிப்பில்லை என்பவர் ஒருவகையினர். சட்டம் அதனைச் சொத்து என்றே கொண்டது. இல்லாத ஒன்று மாய்ந்தது என்று எந்த நீதிபதியும் கூறார். பெயர் இருந்தால் போதும், பெட்டியில் பூட்டி வைத்துப் பிறகு விற்கலாம் என்று எண்ணும் புதுமைவாதிகள் மற்றொரு வகையினர். பூட்டி வைத்தால் நிலைப்பது பொன்; நற்பெயர் அன்று. வணிகக்குறியைப் பதிவு செய்தாலும் இதே நியதிதான். சிங்கப்பூரில் பதிவு பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத்தக்கது. ஆனால் தக்க காரணமின்றித் தொடர்ந்து ஐந்தாண்டு வழங்காத குறியைப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கோரலாம்.

காத்தோங்கின் பெயரை உலகறியச் செய்த லக்சாவின் கதை சற்றுச் சிக்கலானது. தேங்காய்ப்பால் குழம்பில், கரண்டியால் மட்டுமே உண்ணத்தக்கவாறு நறுக்கிய அரிசிச் சேவை இட்டுத் தருவது காத்தோங் லக்சா. இதனைத் தொடக்க நாளில் அங்கே விற்றவருள் ஒருவரை 'ஜங்குட்' என்றழைத்தனர். மலாய் மொழியில் தாடி என்று பொருள்படும் சொல் அது. அவர் மோவாய் மருவில் வளர்ந்த மயிரால் வந்த பெயர். 1990-களின் பிற்பகுதியில் ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் அடுத்தடுத்த கடைகள் லக்சா விற்று, தாமே முதல்வர், தம்மதே மெய்யானது என்று பலகை எழுதிப் போட்டியிட்டன. நாளிதழ்கள் அதனை லக்சாப் போர் என்றன. வேடிக்கையாகவே பலரும் அதனைக் கண்டனர். ஆனால் அப்போர் எதன்பொருட்டு? தட்டுக்காகவும் கரண்டிக்காகவும் எவரும் போரிடவில்லை. ஓர் ஊரின் பெயரும் ஓர் உணவின் பெயரும் சேர்ந்த இரு சொற்களுக்காகப் போரிட்டனர். இடப்பெயரையும் பண்டப்பெயரையும் மட்டும் கொண்ட தொடரை ஒருவருக்கே உரிமையாக்கச் சட்டம் தயங்கும். அதனால்தான் ஒரு கடை 328 என்னும் எண்ணையும், மற்றொன்று பழைய பட்டப்பெயரையும் முன்னிறுத்தித் தம்மை வேறுபடுத்திக் காட்ட வேண்டியதாயிற்று.

ஓர் ஊரார் அனைவர்க்கும் பொதுவான பெயரை எவ்வாறு காப்பது என்பதற்கு வழி உண்டு. இந்தியாவில் 1999-ல் இயற்றி 2003-ல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம் அத்தகையது. அச்சட்டத்தின் கீழ்ப் பழனிப் பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் 2019-லும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-லும் பதிவு பெற்றன. கரிசல் மண்ணின் கடலையும் வெல்லப்பாகும் ஓர் ஊரின் சொத்து என்று எழுத்தில் ஏறிய செய்தியைத் தமிழ்ச் செய்தித்தாள்கள் கொண்டாடின. நன்று, ஆனால் பதிவுச் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பாருக்குப் பல் துலக்கி வழக்கை நினைவூட்டுவது தகும். பாகின் பதத்தை இளையவர் கல்லாதொழிந்தால், அச்சான்றிதழ் காக்கவேண்டிய பொருளே இராது.

இவையெல்லாம் மேலைநாட்டார் புகுத்திய புதுமைகள், தமிழர்க்கு உரியன அல்ல என்று கூறித் தப்ப முயல்வாரும் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடவந்த பட்டினப்பாலை, வந்திறங்கிய பண்டங்களை எண்ணியதோடு நில்லாமல் வணிகரின் நேர்மையையும் உடன் பாடியது. புலவர்க்குத் தெரிந்திருந்தது கணக்கர்க்குத் தெரியாமற் போயிற்று. பழமை வேண்டாமெனில் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டுக்கே வரலாம். நகரச் சீரமைப்பில் மறைந்துபோன நகரத்தார் கிட்டங்கிகள் அங்கேதான் இருந்தன. கிட்டங்கியின் தரையில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஓரிடம். அவ்விடத்தில் சாய்ந்த மூடியுடைய ஒரு மரப்பெட்டி, பின்னால் ஓர் அலமாரி. கையால் தொடக்கூடிய சொத்து அவ்வளவே. அப்பெட்டியின் முன் அமர்ந்து பெருந்தொகைகளைக் கடனாக வழங்கினர். தமக்குள் பேச்சளவில் பணம் புரட்டிக்கொண்டனர். இவற்றைத் தாங்கி நின்றது எது? 'விலாசம்'. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த அத்தொழிற்பெயர் ஒருவரது நாணயத்தை ஊர்விட்டு ஊருக்கு, கடல் கடந்தும் கொண்டுசென்றது. விலாசம் கெட்டால் பெட்டி வெறும் பலகை என்பதைப் பத்து வயதுப் பிள்ளையும் அறிந்திருந்தது.

இன்னும் கருதத்தக்கது, அவர்கள் அதனைப் பேணிய முறை. பெட்டியடிப் பையனாக இளமையில் அமர்ந்தவர், கணக்கு எழுதவும் ஆளறிந்து பேசவும் பயின்று அடுத்தாளாகி, பின்னர் மேலாளாகப் பொறுப்பேற்றார். மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் முகவர் கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்ப, அடுத்தவர் வந்தமர்ந்தார். ஆள் மாறினார், விலாசம் மாறவில்லை. ஒருவர் தலைக்குள் மட்டும் தொழில் தங்கிவிடாதபடி அமைத்த ஏற்பாடு இது. கடன்பட்ட உழவரும் தோட்டக்காரரும் அவ்வட்டித் தொழிலை வேறு கண்கொண்டு பார்த்தனர் என்பதும் மறக்கற்பாலதன்று; பர்மாவின் நிலங்கள் 1930-களில் கைமாறிய வரலாறு கசப்பானது. எனினும் அறிவைக் கைமாற்றும் கலையில் அவர்கள் காட்டிய ஒழுங்கு, இன்று பொடிவகையின் கலவை விகிதத்தை மனைவிக்கும் மகனுக்கும்கூடச் சொல்லாமல் மறைத்துவைத்து, மருத்துவமனைக் கட்டிலில் நினைவிழக்கும் முதலாளியிடம் இல்லை. அவர் அதனைத் தொழில் இரகசியம் என்பார். மறைப்பது இரகசியம் ஆகலாம்; எழுதி வைக்காமலும் எவர்க்கும் கற்பிக்காமலும் மறைப்பது தன் சொத்துக்குத் தானே தீவைப்பதாகும்.

இனிக் கணக்கர் தரப்பைக் கேட்பது முறை. ஐந்தொகை என்பது ஒரு நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் எதிரெதிர் வைத்துக் காட்டும் ஏடு. தானே வளர்த்த நற்பெயரையும் வணிகக்குறியையும் அவ்வேட்டில் சொத்தாக எழுதலாகாது என்பது சிங்கப்பூரின் 38-ஆம் நிதியறிக்கை நியமம். விலைகொடுத்து ஒரு தொழிலை முழுதும் வாங்கினாலோ, கொடுத்த விலையில் பொருள்களின் மதிப்புக்கு மேற்பட்ட பகுதி நற்பெயர் என்று ஏறும். ஆக, ஐம்பதாண்டு வியர்வை சிந்தி வளர்த்தவர் ஏட்டில் அது சுழி. நேற்று வாங்கியவர் ஏட்டில் அது தொகை. முரண்போல் தோன்றும் இவ்விதிக்குக் காரணம் இல்லாமலில்லை. 1988-ல் பிரிட்டனில் ஹோவிஸ் ரொட்டியின் உரிமையாளரான நிறுவனம், தன்னைப் பிறர் கைப்பற்ற முயன்ற நாளில், தன் வணிகக்குறிகளைத் தானே 678 மில்லியன் பவுண்டு என்று மதித்து ஐந்தொகையில் ஏற்றியது. அவ்வழியே எல்லாரும் சென்றால், பெயரை ஊதிக்காட்டிக் கடன் வாங்குவோர் பெருகுவர். பின்னர் வந்த நியமங்கள் அவ்வாயிலை அடைத்தன. பொய்யைத் தடுக்க வந்த விதி அது. ஆனால் அதனைக் கற்ற மாணவர் பலர், ஏட்டில் இல்லாதது உலகில் இல்லை என்று முடிவு கட்டிவிடுகின்றனர். வேலியைக் கண்டு, அதற்கப்பால் நிலமே இல்லை என்பது போன்றது அது.

மதிப்பிடவே இயலாது என்பதும் சோம்பற் பேச்சு. கடை ஒன்றில் இட்ட முதல் 200,000 வெள்ளி என்று கொள்க. அவ்வகைத் தொழிலில் நூற்றுக்கு எட்டு இயல்பான ஈட்டம் எனில் 16,000 வெள்ளி வரவேண்டும். ஆண்டுதோறும் 40,000 வந்தால், மிகை 24,000. இடமும் சரக்கும் ஈட்டாத அம்மிகையை ஈட்டியது நற்பெயரே. வாங்குபவர் மூன்றாண்டு மிகைக்கு விலைதர ஒப்பினால் நற்பெயரின் மதிப்பு 72,000 வெள்ளி. பள்ளிக் கணக்கினும் கடினமானதன்று இது. ஆயினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். கல்லாவில் அமரும் மனைவிக்கும் விடியற்காலையில் காய் நறுக்கும் மகனுக்கும் கூலி எழுதாத கடைகள் பல. அவர்தம் கூலியைக் கழித்தால் அந்த 40,000 பாதியாகி, நற்பெயர் என்று நினைத்தது வீட்டார் உழைப்பின் சுரண்டலாகத் தெரியக்கூடும். அன்றியும், மிகை முழுவதும் ஒரு சமையற்காரரின் கையைச் சார்ந்ததாயின், அவர் எதிர்க்கடைக்குச் செல்லும் நாளில் 72,000 வெள்ளியும் உடன் செல்லும். எனவே மதிப்பிடுதல் என்பது தொகை கூறுதல் மட்டுமன்று. அத்தொகை யார் தோளில் நிற்கிறது என்று கண்டறிதலே அதன் பயன். தொகையை மட்டும் கூறிக் கூலி பெறும் மதிப்பீட்டாளர் இப்பயனைத் தருவதில்லை.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்ற வினா எழலாம். தமிழ் வகுப்பில் இலக்கியம் உண்டு, இலக்கணம் உண்டு. ஒழுக்கம் பற்றிய கட்டுரையில் 'நற்பெயர் எடுக்க வேண்டும்' என்று எழுதப் பயிற்றுவதும் உண்டு. அதே சொல்லுக்கு வணிகத்தில் விலையுண்டு, சட்டத்தில் உரிமையுண்டு என்று கூறும் பாடம் அரிது. விளைவு யாது? ஆங்கிலத்தில் வணிகம் பயின்று திரும்பும் மகனுக்குத் தந்தையின் கடையிலுள்ள செல்வத்தைத் தந்தையிடம் தமிழில் எடுத்துரைக்கச் சொல் இல்லை. தந்தைக்கோ தாம் கைப்பட அறிந்ததை மகன் எழுதிக்கொள்ளும் வண்ணம் கூறும் பழக்கம் இல்லை. தமிழ் வீட்டுமொழியாகச் சுருங்குகிறது என்று மேடைதோறும் வருந்துவோர், கடைமொழியாகவும் கணக்குமொழியாகவும் அதனை வளர்க்க என்ன செய்தனர்? சிராங்கூன் சாலையில் 1947 முதல் நடந்துவரும் கோமள விலாஸ் போன்ற உணவகத்தைப் பற்றி மாணவர் கட்டுரை எழுதினால், தோசையின் சுவையைப் புகழ்ந்து முடிப்பர். எழுபத்தைந்தாண்டுக்கு மேலாக ஒரு பெயர் எவ்வாறு நிற்கிறது, மாவின் பக்குவத்தை யார் யார்க்குக் கற்பித்தனர் என்று கேட்டெழுதச் செய்வதன்றோ ஆசிரியர் பணி?

அரசு இதில் முந்திக்கொண்டது. 2023 செப்டம்பரில் சிங்கப்பூரின் அறிவுசார் சொத்து அலுவலகமும் கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையமும் சேர்ந்து, நிறுவனங்கள் தம் புலனாகாச் சொத்தை எவ்வாறு வெளிப்படுத்தலாம் என்பதற்கு ஒரு கட்டமைப்பை வெளியிட்டன. ஐந்தொகைக்கு வெளியே, உத்தி, அடையாளம், அளவீடு, மேலாண்மை என்னும் நான்கு தலைப்பில் எழுதிக் காட்டலாம். எழுதியே தீர வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. பெருநிறுவனங்கள் கணக்கரையும் வழக்கறிஞரையும் அமர்த்தி அதனை எழுதிக்கொள்ளும். தேக்கா அங்காடியின் மசாலைக் கடைக்கு எழுதித் தருவார் யார்? ஒரு தாளில் கடை தொடங்கிய ஆண்டு, கலவையின் விகிதம், அதனைக் கற்றறிந்த இருவர் பெயர், நெடுநாள் வாடிக்கையாளர் யாவர், பலகையிலுள்ள குறி பதிவாகியுள்ளதா என்பன எழுத அரைநாள் போதும். தமிழ் எழுதத் தெரிந்த பேரப்பிள்ளை ஒருவர் இருந்தால் போதும். அத்தாள் இல்லாமையால், குத்தகை முடிந்து கடை கைமாறும் நாளில் குளிர்பதனப் பெட்டி இரண்டு, எடைக்கல் ஒன்று, இரும்பு அலமாரி நான்கு என்று பட்டியல் எழுதிக் கையொப்பமிடுகின்றனர். புதிதாக வருபவர் முதற்காரியமாகப் பழைய பெயர்ப்பலகையைக் கழற்றிப் பின்சுவரில் சாய்த்து வைக்கிறார். அதற்குப் பட்டியலில் எண் இல்லை.